ஃபீட் ரீடருக்குள்ளேயே பின்னூட்டம்: ஒரு உலாவி நீட்டிப்பு எழுதப் போகிறேன், யோசனை சொல்லுங்கள்

ஓடைவாசி

வணக்கம். நாங்கள் ஒரு சின்ன வட்டம், பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். எல்லோரும் இன்னும் ஆர்எஸ்எஸ் வழியாகத்தான், அதாவது தளங்கள் புதிய பதிவுகளைத் தரும் ஓடைகளை ஒரே ரீடரில் சேர்த்துத்தான் படிக்கிறோம். சிலர் ஃபீட்லி, சிலர் இனோரீடர், நானும் இன்னொருவரும் சொந்த சர்வரில் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ். படித்ததைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் சுட்டியை வாட்ஸப் குழுவில் போடுவோம். நடுவில் யாராவது பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னால் பேச்சு அதோடு போச்சு. அடுத்த வாரம் அதே கட்டுரையைத் திறப்பவருக்கு அதைப் பற்றி இங்கே ஒரு சண்டையே நடந்தது என்பது தெரியாது.

அதனால் ஒரு நீட்டிப்பு எழுதலாமென்று இருக்கிறேன். ரீடரில் ஒரு பதிவைத் திறந்தால் அதன் கீழேயே எங்கள் வட்டத்தின் மறுமொழிகள் தெரிய வேண்டும், அங்கேயே எழுதவும் முடிய வேண்டும். யார் எந்த ரீடரில் படித்தாலும் ஒரே உரையாடல். நீட்டிப்பின் கன்டென்ட் ஸ்கிரிப்ட் (திறந்த பக்கத்துக்குள் ஓடும் நிரல்) பக்கத்தில் ஒரு பெட்டியைச் செருகும், ஷேடோ டாம் என்ற தனித் தடுப்புக்குள் வைத்தால் ரீடரின் சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) அதைக் கலைக்காது. பின்னால் சிறிய சர்வர், தரவு வைக்க எஸ்கியூலைட் போதும். ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும், நீட்டிப்பு எழுதுவது இதுதான் முதல் தடவை.

இரண்டு கேள்வி. மூன்று ரீடரில் திறந்திருப்பதும் ஒரே பதிவுதான் என்று எதை வைத்து முடிவு செய்வது? அப்புறம், இதை ஏற்கெனவே யாராவது செய்து கைவிட்டிருக்கிறார்களா?

பழையதிரட்டி

தம்பி, செய்தவர்கள் நிறைய. கைவிட்டவர்களும் அவர்களேதான்.

நீங்கள் கேட்பது கூகுள் ரீடரில் இருந்தது. 2005 அக்டோபரில் வந்த ரீடரில் பகிர்வு முதலில் வந்தது, 2009 மார்ச்சில் பகிர்ந்த பதிவுகளின் கீழ் மறுமொழி எழுதும் வசதி வந்தது, அதே ஆண்டில் 'லைக்'கும். கூகுள் பிளஸ்ஸுக்கு ஆள் சேர்க்க வேண்டியிருந்ததால் 2011 அக்டோபர் கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். ஈரானில் பல தளங்கள் தடுக்கப்பட்டிருந்த காலத்தில் ரீடர் வழியாகவே செய்தி பகிர்ந்து விவாதித்து வந்தவர்கள் அப்போது வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2013 ஜூலை 1 அன்று ரீடரையே மூடியபோது உலகம் முழுக்க எழுந்த கூக்குரலைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதன் உயிர் போனது 2011இல்தான்.

அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மறுமொழி கட்டுரைக்குக் கீழே தொங்கவில்லை, ஒருவர் பகிர்ந்த பகிர்வுக்குக் கீழே தொங்கியது. அவருடைய பகிர்வுகளைப் பார்க்க அனுமதி உள்ளவர்கள்தான் அதைப் பார்த்தார்கள். ஊர் பேர் தெரியாதவர் வந்து கத்த வழியில்லை.

மறுபக்கம், எந்தப் பக்கத்தின் மேலும் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கிளம்பியவர்களின் கதை வேறு. 1999இல் தேர்டு வாய்ஸ் வந்தது, தள உரிமையாளர்கள் கொதித்தார்கள், 2001இல் மூடினார்கள். கூகுளே 2009இல் சைடுவிக்கி கொண்டுவந்து 2011இல் முடித்துக்கொண்டது. 2019இல் வந்த டிசென்டர் நீட்டிப்பை அதில் குவிந்த வெறுப்புப் பேச்சுக்காகக் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டு கடைகளும் சில வாரங்களிலேயே வெளியேற்றின. தாக்குப்பிடித்தது ஹைபாதிசிஸ் மாதிரி கல்விக்கூடம், ஆய்வாளர் என்று குழுக்களுக்குள் வேலை செய்வதுதான்.

உங்கள் பன்னிரண்டு பேரோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் எழுதுங்கள். 'எல்லோருக்கும் திறந்துவிடலாமே' என்று யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

நிரல்கோடன்

முதல் கேள்விக்கு வருகிறேன். உங்கள் வேலையில் பாதி அதுதான், பெட்டி வரைவதெல்லாம் ஒரு மாலை நேர வேலை.

முகவரியை வைத்து அடையாளம் காணலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். ஆனால் ஒரே பதிவுக்கு எத்தனை முகவரி என்று பாருங்கள். வாசகர் எங்கிருந்து வந்தார் என்று கணக்கெடுக்கும் யுடிஎம் வால் ஒட்டியது, ஒட்டாதது. ஃபீட்பர்னர் என்ற ஓடைச் சேவை வழியாகச் சுற்றி வந்த பழைய சுட்டி. எச்டிடிபி, எச்டிடிபிஎஸ். கடைசியில் சாய்கோடு உள்ளது, இல்லாதது. இவையெல்லாம் எந்த மொழிக்கும் பொது, தயாராக எழுதிவைத்த நூலகங்களும் உண்டு.

தமிழ்ப் பதிவுகளுக்கென்று சில தனித் தொல்லைகள் இருக்கின்றன. பிளாகரில் தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரியில் தமிழ் எழுத்து வராது. 'பிளாக்-போஸ்ட்' என்று பொதுப்பெயர் வைத்து, பின்னால் ஒரு எண்ணை ஒட்டிவிடும். பார்த்து எது எந்தப் பதிவு என்று யாராலும் சொல்ல முடியாது, பிழை தேடும்போது கண் பிதுங்கும். கைப்பேசியில் திறந்தவர் அனுப்பும் சுட்டியில் 'எம்=1' என்று ஒரு வால் இருக்கும். 2012 முதல் சில ஆண்டுகள் இந்தியாவில் திறந்தால் பிளாக்ஸ்பாட்.காம் தானாகப் பிளாக்ஸ்பாட்.இன் ஆகிவிடும், அப்போது சேமித்த சுட்டிகள் இன்னும் உலவுகின்றன. இந்த வடிவங்களை ஒன்றாக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

வேர்ட்பிரஸ் தமிழ் எழுத்தையே முகவரியில் வைக்கும். ஆனால் சதவீதக் குறியாக்கம் (ஒவ்வொரு பைட்டையும் % குறியும் இரண்டு ஹெக்ஸ் எழுத்துமாக எழுதுவது) செய்தால் ஒவ்வொரு யூனிகோடு குறியீடும் ஒன்பது எழுத்தாக நீளும். அதற்கு ஒதுக்கிய இடமோ 200 எழுத்துதான். இருபத்திரண்டு குறியீட்டில் தலைப்பு அறுந்துவிடும். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக்குறியீடு என்பதால் இரண்டு மூன்று சொல்தான் தேறும். தொடர் கட்டுரை எழுதுகிறவர் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே நீளத் தலைப்பு வைத்தால் முகவரிகள் கடைசியில் வரும் ஒரு 2, 3 எண்ணில் மட்டும்தான் வேறுபடும். அந்த எண்ணைக் 'குப்பை' என்று வெட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. 'ொ' என்பது யூனிகோடில் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், 'ெ'யும் 'ா'வும் அடுத்தடுத்து வந்தும் இருக்கலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும், பைட்டுகள் வேறு. முகவரியைக் குறியாக்கம் நீக்கி, என்எஃப்சி என்ற ஒரே சீர்வடிவத்துக்கு மாற்றி, மறுபடி குறியாக்கி ஒப்பிடுங்கள். அப்போது ஹெக்ஸ் எழுத்துகள் சிறியதா பெரியதா என்ற பிரச்சினையும் சேர்ந்தே தீரும். ஆனால் இது ஒப்பிடுவதற்கு மட்டும். பக்கத்தைத் திறக்க வேண்டிய சுட்டியை வந்தபடியே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சில சர்வர்கள் மாற்றிய வடிவத்தை ஏற்காமல் 404 காட்டும்.

ஓடைவாசி

கடைசி விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது, நன்றி அண்ணா. முகவரியை விட்டுவிட்டு ஓடையிலேயே இருக்கும் நிலையான அடையாளத்தை எடுத்தால் என்ன? ஆட்டம் என்ற இன்னொரு ஓடை வடிவத்தில் ஐடி கட்டாயம், ஆர்எஸ்எஸ் 2.0இல் ஜியூஐடி என்ற அடையாளம் இருக்கிறதே.

நிரல்கோடன்

இருந்தால் அதுதான் நல்லது. பிளாகரின் ஐடி பதிவு எண்ணோடு வரும், தலைப்பு மாறினாலும் மாறாது. வேர்ட்பிரஸ் ஜியூஐடியும் அப்படியே, முகவரி அமைப்பை மாற்றினாலும் பழையதே நிற்கும். சிக்கல் என்னவென்றால் ஃபீட்லி பக்கத்தில் நிற்கும் உங்கள் ஸ்கிரிப்ட்டுக்கு அந்த ஐடி தெரியாது. கண்ணுக்குத் தெரிவது தலைப்பின் சுட்டி மட்டும். ஆர்எஸ்எஸ்ஸில் ஜியூஐடி கட்டாயமும் இல்லை. அதனால் சீராக்கிய முகவரியை முதன்மையாக வையுங்கள். பக்கத்தில் கனானிக்கல் சுட்டியோ (தளமே சொல்லும் அசல் முகவரி) ஓடையில் ஐடியோ கிடைத்தால் அதே பதிவின் மாற்றுப்பெயராக ஒரு தனி அட்டவணையில் சேருங்கள். இரண்டு உரையாடல் ஒன்றுதான் என்று பிற்பாடு தெரிந்தால் இணைக்க வழி இருக்கும்.

வெறும்வாசகி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் நிரல் எழுதுகிறவள் இல்லை, வலைப்பூ எழுதுகிறவள். பல வருடமாக எழுதுகிறேன்.

நீங்கள் பன்னிரண்டு பேர் என் பதிவைப் படித்து, அதைப் பற்றி ஒரு வாரம் சண்டை போட்டு, எனக்கு ஒரு வரிகூடத் தெரியாமல் போகப் போகிறது. இப்போது வாட்ஸப்பில் நடப்பதும் அதுதான், தெரியும். ஆனால் இனி அதற்கு ஒரு வசதியான திண்ணையே கட்டிக்கொடுக்கிறீர்கள். பின்னூட்டம் வராததால் எழுதுவதை நிறுத்தியவர்கள் என் பழகிய வட்டத்திலேயே இருக்கிறார்கள். ரீடரில் படிப்பவர்கள் எங்கள் பக்கத்துக்கே வருவதில்லை, வருகைக் கணக்கிலும் தெரிவதில்லை. கருத்தாவது எங்களிடம் வந்து சேரட்டுமே?

பழையதிரட்டி

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2004இல் வந்த தமிழ்மணம் திரட்டி பதிவுகளை மட்டும் திரட்டவில்லை, அண்மையில் மறுமொழி வந்த இடுகைகளையும் முகப்பில் காட்டியது. உரையாடல் எழுதியவர் வீட்டில் நடந்தது, திரட்டி அங்கே போக வழி காட்டியது. முகப்பில் நிற்க வேண்டும் என்பதற்காகத் தன் பதிவுக்குத் தானே பதில் போட்டு ஏற்றிவிடுகிறவர்களும் இருந்தார்கள், 'பின்னூட்டக் கயமை' என்று அதற்குப் பெயரே வைத்தோம். 'மீ த பர்ஸ்ட்டு' கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் அந்தக் கூச்சலில் எழுதியவருக்கும் ஒரு நாற்காலி இருந்தது.

ஓடைவாசி

அக்கா, உண்மையாகச் சொல்கிறேன், எங்கள் குழுவில் பேசுவதை அப்படியே எழுதியவரிடம் சொல்ல முடியாது. பாதி அரைகுறை எண்ணம், பாதி கேலி. பொதுவில் எழுதுவதாக இருந்தால் நாலு பேர் வாயே திறக்க மாட்டார்கள்.

வெறும்வாசகி

கேலியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. 'மூன்றாம் பத்தியில் ஆண்டு தவறு' என்று ஒருவர் சொல்லியிருப்பார் அல்லவா, அது எனக்கு வேண்டும்.

நிரல்கோடன்

இதற்குத் தொழில்நுட்பத்தில் வழி இருக்கிறது, 2006லிருந்தே. ஆட்டமுக்கு மறுமொழி இழைகளுக்கான நீட்சி ஒன்று அந்த ஆண்டு ஆர்எஃப்சி 4685 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது. பிளாகர் ஓடைகளில் ஒவ்வொரு பதிவுக்கும் அதன் மறுமொழி ஓடைக்கான சுட்டியும் மொத்த எண்ணிக்கையும் இருக்கும். வேர்ட்பிரஸ்ஸின் ஆர்எஸ்எஸ்ஸிலும் இதே இரண்டும் வேறு பெயரில் வருகின்றன. பெரும்பாலான ரீடர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

ஆகவே பெட்டியை இரண்டாகப் பிரியுங்கள். மேலே, எழுதியவரின் பக்கத்தில் ஏற்கெனவே வந்த பின்னூட்டங்கள், படிக்க மட்டும். கீழே உங்கள் வட்டம். வட்டத்தில் எழுதிய ஒவ்வொரு மறுமொழிக்கும் பக்கத்தில் 'எழுதியவருக்கு அனுப்பு' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் வரியை நகலெடுத்து, அந்தப் பதிவின் பின்னூட்டப் பெட்டி உள்ள இடத்தைப் புதிய தாவலில் திறந்தால் போதும். தானாக நிரப்பப் போகாதீர்கள், எரிதம் (ஸ்பேம்) என்று தடுத்துவிடுவார்கள். ஒரு பதிவைச் சுட்டினால் அதன் தளத்துக்குத் தகவல் அனுப்ப, வெப்மென்ஷன் என்று 2017இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாகவே வந்த முறை ஒன்று உண்டு, ஆனால் அதை ஏற்கும் தமிழ் வலைப்பூவை நான் பார்த்ததில்லை.

மறுமொழி ஓடையை எடுக்கும்போது ஒரு விஷயம். குரோம் 85க்குப் பிறகு கன்டென்ட் ஸ்கிரிப்ட்டிலிருந்து வேறு தளத்தை நேரே அழைக்க முடியாது, அந்தப் பக்கத்துக்கு உள்ள கட்டுப்பாடே அதற்கும். நீட்டிப்பின் பின்னணியில் ஓடும் சர்வீஸ் ஒர்க்கர் நிரலுக்குச் செய்தி அனுப்பி அதை எடுக்கச் சொல்ல வேண்டும், அதற்கு அந்தத் தளத்தின் அனுமதி வேண்டும். எல்லாத் தளங்களுக்கும் சேர்த்து அனுமதி கேட்டால் 'நீங்கள் திறக்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்று உலாவி பயமுறுத்தும். விருப்ப அனுமதியாக வைத்து, ஒவ்வொரு தளத்துக்கும் பயனர் அழுத்தும்போது கேளுங்கள்.

கதவுதாழ்

எல்லோரும் ஓடை, சுட்டி என்று பேசுகிறீர்கள். சர்வரை யார் பார்க்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

ஓடைவாசியின் திட்டப்படி ஒரு பதிவைத் திறந்ததும் நீட்டிப்பு சர்வரிடம் 'இதற்கு மறுமொழி உண்டா' என்று கேட்கும். அதாவது பன்னிரண்டு பேரும் எந்த நேரத்தில் எதைப் படித்தார்கள் என்ற நாட்குறிப்பு ஒருவருடைய சர்வரில் தானாக எழுதப்படும். மருத்துவக் கட்டுரை, வேலை தேடும் பக்கம், எல்லாம். நீங்கள் நல்லவர்தான். லாக் கோப்புக்கு அது தெரியாது. முகவரியை ஹேஷ் செய்து (திருப்ப முடியாத ஒரு குறியாக மாற்றி) அனுப்பினாலும் பயனில்லை, ஓடையில் உள்ள முகவரிகளை எல்லாம் ஹேஷ் செய்து ஒப்பிட்டால் வெளிவந்துவிடும்.

ஓடைவாசி

ஹேஷின் முதல் சில எழுத்தை மட்டும் அனுப்பினால்? ஆபத்தான தளங்களைச் சரிபார்க்க உலாவிகள் அப்படிச் செய்வதாகப் படித்திருக்கிறேன்.

கதவுதாழ்

அது கோடிக்கணக்கான முகவரிக்கு உள்ள ஏற்பாடு. உங்களுக்கு எதற்கு? கேட்பதையே நிறுத்துங்கள்.

கணக்குப் போடுங்கள். தமிழில் ஒரு குறியீடு யூடிஎஃப்-8இல் மூன்று பைட். ஐந்நூறு குறியீடு உள்ள மறுமொழி ஒன்றரை கேபி. குரோமில் நீட்டிப்புக்கு உள்ள உள்ளூர் சேமிப்பு 10 எம்பி. ஆறாயிரம் மறுமொழிக்கு மேல் தாங்கும், பன்னிரண்டு பேர் அவ்வளவு எழுத வருடங்கள் ஆகும். அதற்கும் மேலே போனால் உலாவிக்குள்ளேயே இண்டெக்ஸ்டு டிபி என்ற தரவுத்தளம் இருக்கிறது. எனவே குழுவின் எல்லா மறுமொழிகளையும் எல்லோருடைய கணினிக்கும் இறக்கிவிடுங்கள். அவ்வப்போது 'கடைசியாக வாங்கியதற்குப் பிறகு என்ன வந்தது' என்று மட்டும் கேளுங்கள். பதிவோடு பொருத்துவது உள்ளூரிலேயே நடக்கட்டும். யார் எதைத் திறந்தார் என்பது சர்வருக்குத் தெரிய வழியே இல்லை.

ஒருவர் மறுமொழி எழுதினால் மட்டும் அவர் அதைப் படித்தது தெரியும். அது அவரே சொன்னது, பரவாயில்லை.

நிரல்கோடன்

அருமை. இது நீட்டிப்புகளுக்கான இப்போதைய விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3க்கும் ஒத்துப்போகிறது. குரோமில் சர்வீஸ் ஒர்க்கர் முப்பது விநாடி சும்மா இருந்தால் அணைந்துவிடும், உள்ளே மாறியில் வைத்ததெல்லாம் போய்விடும். 'உடனுக்குடன்' காட்ட ஆசைப்பட்டு அதை விழிக்க வைக்கச் சர்க்கஸ் செய்கிறவர்கள் உண்டு. உங்களுக்கு அலாரம் வைத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாங்கினால் போதும். ஃபயர்ஃபாக்ஸில் சர்வீஸ் ஒர்க்கருக்குப் பதில் ஈவென்ட் பேஜ் என்ற பின்னணிப் பக்கம் வைக்க வேண்டும், நீட்டிப்பின் மேனிஃபெஸ்ட் கோப்பில் இரண்டையும் குறிப்பிடலாம்.

மறுமொழியைத் திரையில் போடும்போது உரையை எச்டிஎம்எல் ஆகவே செருகும் 'இன்னர் எச்டிஎம்எல்' பக்கமே போகாதீர்கள், வெறும் உரையாக மட்டும் போடுங்கள். நண்பர்கள்தானே என்று விட்டால், ஒருவருடைய கணக்கு பறிபோன அன்று பன்னிரண்டு பேரின் ரீடர் பக்கத்திலும் அன்னிய நிரல் ஓடும்.

தாவல்நூறு

சர்வரே வேண்டாமே? மாஸ்டடான் சமூக வலைத்தளத்தில் நிரல் வழியாகத் தேட ஏபிஐ இருக்கிறது, புளூஸ்கையிலும் ஒரு சுட்டியைப் பகிர்ந்த பதிவுகளைத் தேட வசதி இருக்கிறது. அங்கே நடக்கும் பேச்சைக் கொண்டுவந்து ரீடரில் காட்டினால் இலவசமாக உலகமே பின்னூட்டம் போட்ட மாதிரி.

கதவுதாழ்

மறுபடியும் 'இதைப் படிக்கிறேன்' என்று ஒவ்வொரு தடவையும் வெளியே சொல்வது. இந்த முறை ஊருக்கே.

பழையதிரட்டி

மாஸ்டடானில் உங்கள் சர்வருக்குத் தெரிந்த பதிவுகள்தான் தேடலில் வரும், உலகமெல்லாம் வராது. தமிழ் வலைப்பூச் சுட்டிக்கு அங்கே பேச்சு கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள், தேநீர் வாங்கித் தருகிறேன். ஆங்கிலத் தொழில்நுட்பக் கட்டுரைகளுக்கு வேண்டுமானால் பயன்படும், அதையும் அழுத்தினால் மட்டும் தேடுவதாக வையுங்கள்.

ஓடைவாசி

நேற்று குழுவில் பேசினேன். ஒரு இடி: பாதிப்பேர் கைப்பேசிச் செயலியில்தான் படிக்கிறார்களாம். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் நீட்டிப்பு ஓடும், குரோமில் ஓடாது, ஃபீட்லி செயலிக்குள் எதுவும் நுழையாது. அவர்களுக்கு என்ன வழி?

நிரல்கோடன்

அவர்கள் கையில் இருப்பதும் ஃபீட் ரீடர்தானே! வட்டத்தின் மறுமொழிகளையே ஒரு ஓடையாக வெளியிடுங்கள். ஆளுக்கொரு ரகசிய முகவரி. பதிவின் தலைப்பு, அதன் கீழ் இதுவரை பேசியது, 'பதில் எழுது' என்று ஒரு சுட்டி. அது சர்வரில் ஒரு சாதாரணப் படிவத்தைத் திறக்கும். செயலி எதுவானாலும் ஓடும். ஆனால் ஃபீட்லி, இனோரீடர் போன்றவை ஓடையைத் தங்கள் சர்வரில் இறக்கித்தான் காட்டும் என்பதைக் குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். கேலிக்கு அந்தக் கவனம் தேவைப்படலாம்.

உண்மையில் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் இந்த ஓடையைத்தான் எழுதுவேன், நீட்டிப்பை அப்புறம். ஃபீட்லிக்காரர்கள் பக்க அமைப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள், அன்று உங்கள் பெட்டி காணாமல் போகும். கிளாஸ் பெயரை நம்பாமல், திறந்திருக்கும் பதிவின் தலைப்புச் சுட்டியைத் தேடிப் பிடிக்கிற மாதிரி எழுதினால் கொஞ்சம் தாங்கும். ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸுக்கு உலாவி நீட்டிப்பே தேவையில்லை, அதற்கென்று செருகுநிரல் அமைப்பு இருக்கிறது.

ஓடைவாசி

சரி. ஓடை முதலில், ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் அடுத்து, அப்புறம்தான் ஃபீட்லியும் இனோரீடரும். எல்லா மறுமொழியும் உள்ளூரில், சர்வரிடம் 'புதியது என்ன' என்ற ஒரே கேள்வி. எழுதியவருக்கு அனுப்பும் பொத்தான் கட்டாயம் உண்டு அக்கா.

வெறும்வாசகி

பொத்தானை யாராவது அழுத்துகிறார்களா என்று ஆறு மாதம் கழித்துக் கேட்பேன். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் என் பக்கத்துப் பின்னூட்டங்களை மேலே காட்டுவதாகச் சொன்னது பிடித்திருக்கிறது. பின்னூட்டப் பெட்டியே திறக்காமல் போகிறவர்கள் அதையாவது படிப்பார்கள்.

கதவுதாழ்

ஒன்று விட்டுப்போனது. எல்லோரிடமும் நகல் இருந்தால், ஒருவர் தன் மறுமொழியை நீக்கும்போது என்ன ஆகும்? சர்வரில் அழித்துவிட்டால் 'புதியது என்ன' என்ற கேள்விக்கு அது வரவே வராது, மற்றவர்கள் கணினியில் பழையது அப்படியே இருக்கும்.

ஓடைவாசி

அழிக்காமல், உரையை மட்டும் காலி செய்துவிட்டு 'நீக்கப்பட்டது' என்ற குறியோடு புதிய வரிசை எண் கொடுத்தால் அடுத்த ஒத்திசைவில் எல்லோரிடமும் போய்விடும் அல்லவா?

கதவுதாழ்

போகும், உலாவியைத் திறக்கிறவர்களிடம். மூன்று மாதம் கணினியே திறக்காதவரிடம் மூன்று மாதம் இருக்கும். ரகசிய ஓடை வழியாகச் செயலியில் வாங்கியவர்களிடம் அதற்கு மேலும் இருக்கலாம். அதைச் சேரும்போதே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். குழுவை விட்டுப் போகிறவரின் ஓடை முகவரியை அன்றே முடக்குங்கள்.

நிரல்கோடன்

வரிசை எண் சர்வர் கொடுப்பதாக இருக்கட்டும், கணினியின் கடிகாரத்தை நம்பி நேரத்தால் வரிசைப்படுத்தாதீர்கள். முகவரி சீராக்கும் பகுதியை எழுதியதும் இங்கே ஒட்டுங்கள். பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் அடம்பிடிக்கும் தமிழ் முகவரிகள் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன், சோதனைக்கு அனுப்புகிறேன்.